எழுபத்தோராம் நாள் மெஷினுக்கு லீவு

கண்ணாடி ஆராய்ச்சி என்பது, ஒன்றும் நடக்காமல் காவல் காத்து, அந்த நடக்காததை நேரம் போட்டுக் கொப்பியில் எழுதும் தொழில்.

பல்கலைக்கழகம் போக ஏ.எல். சோதனை எடுத்து, ரிசல்டும் வந்து, கம்பஸ் கிடைக்காமல், வீட்டில் சும்மா இருக்கக் கூடாது என்று எங்கேயாவது தள்ளிவிடப்பட்ட சக துன்பசாலிகளே, இது உங்களுக்குத்தான். எனக்குக் கெமிஸ்ட்ரிக்கு எஸ், ஆகக் கடைசிப் பாஸ். அதாவது, விழாமல் விழுந்தது. அப்படிப்பட்டவளை அம்மா ஒரு கெமிஸ்ட்ரி லாபுக்கே அனுப்பினா. இரண்டாம் தரம் சோதனை எடுக்கும்வரை மூளை துருப்பிடிக்காமல் இருக்குமாம். லாப் இரத்மலானையில், தொழிற்பேட்டைக்குள், ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தட்டில் இருந்தது. அதற்குப் பொறுப்பு டொக்டர் வதனி. பள்ளிக்கூடப் பழக்கத்தில் நான் மிஸ் என்று கூப்பிட்டேன். அவவும் திருத்தவில்லை.

பஸ்ஸுக்குள் பாடம்

முதல் நாள் மிஸ்ஸும் நானும் வெள்ளவத்தையில் ஒரே மொறட்டுவ பஸ்ஸில் ஏறினோம். ஏறினோம் என்று சொல்வது மரியாதைக்கு. பின்னால் வந்தவர்கள் எங்களை ஏற்றினார்கள். எனக்குச் சுற்றி வளைத்துக் கதைக்க வராது. என்ன வேலை, போத்தல் கழுவுகிற வேலை என்றால் இப்பவே சொல்லுங்கோ, அடுத்த ஹோல்டில் இறங்குகிறேன் என்று நேராகவே கேட்டுவிட்டேன். மிஸ் கோபப்படவில்லை. கம்பியில் தொங்கிக்கொண்டே பாடம் தொடங்கினா.

ஒரு திரவத்தை ஆறுதலாகக் குளிரவிட்டால் அதன் மூலக்கூறுகள் ஒழுங்காக வரிசை கட்டிப் பளிங்காகுமாம். சடாரென்று குளிர்த்தினால் வரிசைக்கு வர நேரம் கிடைக்காமல், நின்ற நின்ற இடத்திலேயே இறுகிப்போகும். அதுதான் கண்ணாடி. யன்னலில் இருப்பது மட்டுமில்லை, பல பிளாஸ்டிக்குகளும், வாயில் போடுகிற டொபியும்கூட அந்த வகைதானாம். பிறகு பஸ்ஸைக் காட்டினா. இங்கே ஒருவரும் வரிசையில் இல்லை, ஆனால் ஒருவராலும் அசையவும் முடியாது. அப்படியிருந்தும், ஒருவர்கூட இறங்காமலே, தெஹிவளை வரும்போது கொஞ்சம் இடம் வந்துவிடும். ஒருவர் தோளைத் திருப்புவார், இன்னொருவர் பேக்கை இறக்கிவைப்பார், சனம் மெல்ல மெல்ல நெருங்கும். கண்ணாடியும் அப்படித்தான் இருந்த இடத்திலேயே சுருங்கும், அது எவ்வளவு, எவ்வளவு நாளில் என்பதுதான் தன்னுடைய ஆராய்ச்சி என்றா. எனக்கு ஏ.எல். இரண்டு வருடத்தில் விளங்காத பாடம் இரண்டு ஹோல்டில் விளங்கியது. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நசிந்துகொண்டிருந்த ஒரு அன்ரிக்கும் விளங்கியிருக்க வேண்டும்.

"இடம் எப்பிடி வருது எண்டு பிறகு ஆராயுங்கோ பிள்ளை, முதல்ல அந்தக் குடையை என்ர விலாவில இருந்து எடுங்கோ."

டேப் பிடித்த சேர்

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சின்னக் கண்ணாடிக் குமிழ். அதற்குள் தச்சர்மார் பாவிக்கும் வெள்ளைப் பசையில் இருக்கிற அதே பிளாஸ்டிக், விரல்நகம் அளவு ஒரு துண்டு. மிச்சம் முழுக்கப் பாதரசம். குமிழுக்கு மேலே தலைமுடி போல ஒரு குழாய், அதற்குள் பாதரசம் நூலாக நிற்கும். பிளாஸ்டிக் சுருங்கினால் நூல் இறங்கும். இது எல்லாம் ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள், தொட்டியை எப்போதும் இருபத்தைந்து பாகை செல்சியஸில் வைத்திருக்க ஒரு குளிரூட்டும் மெஷின். தினமும் காலை பத்து மணிக்கு ஒரு குட்டித் தொலைநோக்கியால் நூலின் தலையைப் பார்த்து எழுத வேண்டும். நூறு நாள். இடையில் தொட்டி நன்றாகச் சூடாகிவிட்டால் பிளாஸ்டிக் பட்டதெல்லாம் மறந்துவிடும், திரும்ப முதலாம் நாளில் இருந்து தொடங்க வேண்டும். சோதனை மண்டபத்தில் எனக்கு நடந்ததும் அதுதான். மிஸ்ஸுக்கு ஏற்கெனவே மூன்று தரம் இப்படிப் பாதியில் போயிருந்தது.

மூன்றாம் நாள் நான் தொலைநோக்கிக்குள் கண்ணை வைத்திருக்க, நிர்வாக அதிகாரி உள்ளே வந்து நிலத்தில் டேப் பிடித்து அளந்தார். எல்லாரும் அவரை ஏ.ஓ. சேர் என்பார்கள். ஏசிகூட இல்லாத இந்த அறையில் அவருக்கு ஒரு கண். ஊழியர் நலன்புரிச் சங்கத்துக்கு இதைக் கெரம் அறையாக்க வேண்டும். மேலிடத்தில் சொல்லி முடிவும் எடுத்தாயிற்று: இந்த முறை நூறு நாளில் மிஸ் முடிவைக் காட்டினால் அறை மிஸ்ஸுக்கு, இல்லாவிட்டால் கெரம் போர்டுக்கு. அறை போனால் பதினோரு வருட ஆராய்ச்சியும் போகும். அதை எனக்குச் சொன்னபோது மிஸ்ஸின் குரல் மாறவில்லை, கையில் இருந்த பென்சில்தான் முறிந்தது.

ஏ.ஓ. சேரும், எங்கள் டெக்னிஷியன் சுனில் அய்யேயும் சிங்களத்தில்தான் கதைப்பார்கள், நான் தமிழில் தருகிறேன்; அண்ணனுக்கு அய்யே, தங்கைக்கு நங்கி என்பதை மட்டும் அப்படியே விடுகிறேன். நூறாம் நாள் கையில் என்ன வரும் என்று சேர் கேட்டார். இறங்கிக்கொண்டு போகும் ஒரு கோடு வரும் என்று மிஸ் உண்மையைச் சொன்னா. அவர் டேப்பைச் சுருட்டினார்.

"ஒரு கோடு கீற இருபதுக்குப் பதினாறடி அறை எதுக்கு மெடம்?"

வீட்டுக்கு அறிக்கை

வேலையை விடக் கஷ்டம் வேலையைப் பற்றி அம்மாவுக்குச் சொல்வது. தினமும் பின்னேரம் தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே, இன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்பா. இன்றைக்கு ஒரு தலைமுடியில் கால்வாசி அளவு இறங்கியது என்பேன். நேற்று? நேற்றும் இறங்கியதுதான், ஆனால் நேற்று இறங்கினதை விட இன்றைக்குக் குறைவு. நாளைக்கு? நாளைக்கு இன்னும் குறைவாக இறங்கும். அம்மா ஒரு நிமிடம் யோசிப்பா. பிறகு கனடாவில் இருக்கிற சித்திக்கு வட்ஸ்அப்பில் எடுத்து, மகளுக்கு லாபில் நல்ல முன்னேற்றம் என்பா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தி என்னையே போனில் பிடித்துவிட்டா. நான் மறைக்காமல் சொன்னேன்: முப்பத்தெட்டு நாளாக இறங்குகிறது, ஒரு நாளும் ஏறவில்லை, ஏறினால்தான் பிழை. பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா போனைப் பறித்து அதன் வாயைப் பொத்திக்கொண்டு என்னிடம் சொன்னது:

"இறங்கிறதை ஏனடி ஊருக்குச் சொல்லுறாய்? ஏறேக்க சொல்லு, போதும்."

உயிரோடு இருக்கிற மெஷின்

நாற்பத்திரண்டாம் நாள் மெஷின் கரகரவென்று சத்தம் போட்டது. மிஸ்ஸின் முகம் சுருங்கியது. கொட்டாஞ்சேனையில் இருந்து ரிஸ்வி நானாவைக் கூப்பிட்டோம். ஃப்ரிட்ஜ், ஏசி எதுவானாலும் அவர் காதை வைத்தே நோயைச் சொல்லுவார் என்று பெயர். வந்தார், சாரத்தை மடித்துக் கட்டினார், முதல் வேலையாகச் சுவிட்சில் கையை வைத்தார். மிஸ்ஸும் நானும் சுனில் அய்யேயும் மூன்று மொழியில் ஒரே நேரத்தில் கத்தினோம்.

நிப்பாட்டாமல் திருத்த வேண்டும் என்று விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் போனது. நானா ஸ்க்ரூ ட்ரைவரைப் பக்கத்தில் வைத்துவிட்டு, எங்களை ஒவ்வொருவராக, நாங்கள்தான் ரிப்பேருக்கு வந்த சாமான் போலப் பார்த்தார். கடைசியில் மூடியை மட்டும் கழற்றி, ஓடிக்கொண்டிருந்த விசிறிக்குக் கீழே ஒரு துண்டு சைக்கிள் டியூப்பை வெட்டி அடைத்தார். சத்தம் நின்றது. அந்த டியூப் இன்னும் அங்கேதான் இருக்கிறது. வாசல் படியில் இறங்கும்போது என்னிடம் தனியாகச் சொன்னார்:

"மகள், மவுத்தான மெஷினத்தான் நாங்க பாக்கிற. உசிரோட ஈக்கிற மெஷினுக்கு இனி ஆஸ்பத்திரியிலதான் ஆள் தேடணும்."

மீன் ஐஸ்

ஐம்பத்தைந்தாம் நாள் பகலில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் இருந்தது, அதற்குள் டீசல் இருக்கவில்லை. அறை முப்பத்தொரு பாகை, தொட்டி இருபத்தைந்து. ஐஸ் வேண்டும் என்று மிஸ் சொல்லி முடிப்பதற்குள் சுனில் அய்யே மோட்டார் சைக்கிளில் பறந்துவிட்டார். பதினைந்து நிமிடத்தில் ஒரு சாக்கு ஐஸோடு வந்தார். எங்கே கிடைத்தது என்று நாங்கள் கேட்கத் தேவை இருக்கவில்லை. சாக்கைத் திறந்தவுடனே தெரிந்தது. உள்ளே ஒரு சாளை மீனும் இருந்தது.

மூன்று மணித்தியாலம் நானும் அவரும்தான் தெர்மோஸ்டாட். நான் தெர்மோமீற்றரைப் பார்த்து "போடுங்கோ" என்பேன், அவர் ஒரு கட்டி போடுவார். "காணும்" என்பேன், கையை எடுப்பார். அரைப் பாகைக்கு மேல் அசைய விடவில்லை. ஏ.எல். சோதனையில்கூட நான் அவ்வளவு கவனமாக இருந்ததில்லை. கரண்ட் வந்தபோது தொட்டி உயிரோடு இருந்தது, ஆனால் லாப் முழுக்கப் பேலியகொடை மீன் சந்தை. யன்னலில் இரண்டு பூனை வந்து குந்தி, பாதரச நூலை என்னை விடப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தன.

அந்த நேரம் பார்த்து ஏ.ஓ. சேர் வந்தார். கைலேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு பூனைகளைப் பார்த்தார், சாளையைப் பார்த்தார், சுவரை நீளத்துக்குப் பார்த்தார்.

"மெடம், போறதுக்கு முந்தி கழுவித் தாங்கோ. கெரம் மாவில இந்த மணம் ஒட்டினால் போகாது."

பிந்திய ரயில்

அறுபத்து நான்காம் நாள் நான் பஸ்ஸை விட்டு ரயிலில் போனேன், கடற்காற்று வாங்கிக்கொண்டு போகலாம் என்று. வெள்ளவத்தைக்கும் தெஹிவளைக்கும் நடுவில் ரயில் நின்றுவிட்டது. காற்று நிறைய வாங்கினேன். லாபுக்குள் நுழையும்போது பத்தே முக்கால். மிஸ் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தா. சுனில் அய்யேக்கு அன்று காலையில் பல்வலி, ஆளில்லை. பத்து மணிக்கு நூலைப் பார்த்தவர் என்று சொன்னால் லாபைக் கூட்டுகிற செல்வி அக்கா மட்டும்தான். அவ பார்த்தது தூசு இருக்கிறதா என்று.

மத்தியானம் வந்த சுனில் அய்யே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு வழி சொன்னார்: நேற்றைய எண்ணுக்கும் நாளைய எண்ணுக்கும் நடுவில் ஒரு எண்ணை எழுதிவிடு நங்கி, பாதரசம் சாட்சி சொல்ல வராது. நல்ல யோசனைதான். ஆனால் சும்மா நடிக்க எனக்குச் சம்பளம் காணாது. கொப்பியில் எழுதினேன்: "பத்து மணிக்குப் பார்க்கவில்லை. ரயில் நின்றுவிட்டது. 10.47க்குப் பார்த்தது கீழே." திட்டு விழும் என்று பின்னேரம் வரை கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். மிஸ் வந்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டு, இரண்டு தரம் வாசித்தா.

"அறுபத்து நாலு நாளில நீர் எழுதினதில வாசிக்கக் கூடிய வரி இது ஒண்டுதான்."

சந்தனப் பொட்டு

இப்போது செல்வி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கொட்டாஞ்சேனையில் வாடகை அறையில் இருக்கிறா. தினமும் மெஷினைத் துடைக்கும்போது அதனுடன் கதைப்பா. காய்ச்சல்காரருக்கு நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போல அதன் பக்கத்தைத் தொட்டுப் பார்ப்பா. நாங்கள் நால்வரில் அந்த மெஷினை ஒரு ஆளாக மதித்தது அவ மட்டும்தான்.

எழுபத்தோராம் நாள் சரஸ்வதி பூசை. செல்வி அக்கா லாப் மூலையில் ஒரு ஸ்டூலில் படம் வைத்து, அவல் கடலை எல்லாம் வைத்திருந்தா. நான் பத்து மணிக்கு நூலைப் பார்த்து எழுதினேன். பிறகு செய்ததைத்தான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்: இரண்டாம் தரமாவது கெமிஸ்ட்ரிக்கு நல்ல ரிசல்ட் வரட்டும் என்று கொப்பியைக் கொண்டுபோய் நானே படத்துக்கு முன்னால் வைத்தேன். பூசைக்கு வைத்ததை அன்றைக்குத் தொடக் கூடாது, நாளை எடுக்கலாம் என்று அக்காவிடமும் சொல்லிவிட்டு, மத்தியானத்தோடு வீட்டுக்குப் போய்விட்டேன். மிஸ்ஸும் பம்பலப்பிட்டியில் தன்னுடைய அக்கா வீட்டுப் பூசைக்குப் போனா. சுனில் அய்யே கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போயிருந்தார்.

அடுத்த நாள் காலை கதவைத் திறந்தேன். சத்தம் இல்லை. எழுபது நாள் கேட்டுக் கேட்டுக் காது மறந்துபோன அந்தச் சத்தம் இல்லை. மெஷின் குளித்து, சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, ஒரு செவ்வந்திப் பூவோடு நின்றது. சுவிட்ச் நிப்பாட்டிக் கிடந்தது. தொட்டி முப்பத்தொரு பாகை. தொலைநோக்கியில் பார்த்தேன், நூல் முதலாம் நாள் நின்ற இடத்துக்கும் மேலே போய் நின்றது. வாளியோடு உள்ளே வந்த செல்வி அக்காவுக்கு என் முகத்தைப் பார்த்ததும் ஏதோ பிழை என்று விளங்கியது. என்ன பிழை என்றுதான் விளங்கவில்லை. நான் கத்தினேன். அவ கத்தவில்லை.

"எங்க தோட்டத்துல ஃபெக்டரி மெஷினையே அன்னைக்கு நிப்பாட்டித்தான் சாமி கும்புடுவாங்க. நீங்க கொப்பிக்கு லீவு குடுத்தீங்க, நான் மெஷினுக்குக் குடுத்தேன்."

பென்சில் கோடு

மிஸ் வந்தா. கேட்டா. தொட்டியைத் தொட்டுப் பார்த்தா. வெளியே போய்ப் படியில் குந்தியிருந்து ஒரு பிளேன்டீ முழுவதையும் ஆறவிட்டுக் குடித்தா. அந்த இருபது நிமிடத்தை விட அவ என்னை அடித்திருக்கலாம். செல்வி அக்கா சுவரோடு சுவராக நின்று, தன்னை வேலையை விட்டு நிற்பாட்டிவிடுவார்களா என்று என்னிடம் மெதுவாகக் கேட்டா. எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். பொய் சொல்லியிருக்கலாம்தான்.

சுனில் அய்யே வீங்கின கன்னத்தோடு மறுபடி அதே வழியைச் சொன்னார்: ஒரு நாள்தானே, கோட்டை இழுத்துவிடுவோம். மிஸ் அவரையும் பார்த்தா, என்னையும் பார்த்தா. எனக்கு விளங்கியது: அவவுக்கும் இழுக்க ஆசை, அறை போகப்போகிறது. அதனால் அவ வாயைத் திறப்பதற்குள் நான் கொப்பியைப் படத்துக்கு முன்னால் இருந்து எடுத்து, மையால் எழுதினேன்: "சரஸ்வதி பூசைக்காக மெஷின் நிப்பாட்டப்பட்டது. சுமார் இருபது மணித்தியாலம். கொப்பியைப் பூசைக்கு வைத்தது நான்." மிஸ் பெருமூச்சு விட்டு, சரி, சுவிட்சைப் போடும் என்றா. மெஷினைப் போட்டோம்.

தொட்டி குளிரக் குளிர நூல் இறங்கியது. இருபத்தைந்து பாகை வந்தது. பழைய இடத்துக்கு நூலும் வந்தது. நிற்கவில்லை. இன்னும் இறங்கியது. பாதியில் போன பழைய பரிசோதனைகளின் போக்கை வைத்து, நூறாம் நாள் நூல் எங்கே நிற்க வேண்டும் என்று மிஸ் அளவுகோலில் முதல் நாளே ஒரு பென்சில் கோடு போட்டிருந்தா. நூல் அந்தக் கோட்டுக்கும் ஒரு தலைமுடி அளவு கீழே போய்த்தான் ஆறுதலாக நின்றது. மிஸ் என்னைத் தள்ளிவிட்டுத் தானே பார்த்தா. பிறகு சிரிக்கத் தொடங்கினா, நாங்கள் பயந்துபோனோம். பஸ்தான் என்றா. ஓடுகிற பஸ் ஒரு குழியில் விழுந்து எழும்பினால் சனம் ஒரே குலுக்கலில் நெருங்கிவிடும் அல்லவா. மறந்துபோகிற அளவுக்குச் சூடாகவில்லை, அசைந்து நெருங்குகிற அளவுக்குச் சூடாகியிருக்கிறது. வெக்கையில் ஒரு நாள் கிடந்ததில் பிளாஸ்டிக் மிச்ச முப்பது நாள் வேலையையும் முடித்துவிட்டது. சுனில் அய்யே பல் இல்லாத பக்கத்தால் மெல்லக் கேட்டார்:

"அப்ப நங்கி, மீன் ஐஸ் போட்டு நாங்க காப்பாத்தினது எதை?"

நூறாம் நாள்

மிஸ் மிச்ச நாளும் விடாமல் பார்க்கச் சொன்னா. நூல் அதற்குப் பிறகு அசையவேயில்லை. இருபத்தெட்டு நாள் ஒரே எண்ணை எழுதினேன். கொப்பியின் பக்கங்களைப் படம் பிடித்து, பூசையையும் மறைக்காமல், கூட்டாக வேலை செய்கிற வெளிநாட்டு லாபுக்கு மிஸ் அனுப்பினா.

நூறாம் நாள் ஏ.ஓ. சேர் ஒரு கையில் ஃபைலும் மறு கையில் ஒரு ஆளும் அந்த ஆளின் தலையில் கெரம் போர்டுமாக வந்தார். மிஸ் கோட்டைக் காட்டினா. கோடு சாய்ந்து வந்து, எழுபத்தோராம் நாளில் கிணற்றுக்குள் விழுந்தது போல விழுந்து, பிறகு நேராகப் படுத்திருந்தது. இது ஏன் என்று சேர் கேட்டார். மிஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு நிற்க, நான் சொல்லிவிட்டேன், சந்தனப் பொட்டு உட்பட. சேர் விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார். அப்படியென்றால் நிப்பாட்டினால் ஒரு நாளில் முடிகிற வேலைக்கு ஓட்டிக்கொண்டு நூறு நாள் கேட்டிருக்கிறீர்கள் என்றார். போர்டை இறக்கச் சொன்னார். எனக்கு நாக்கைக் கடித்துத் துப்பலாம் போல இருந்தது.

மிஸ் அப்போதுதான் வெளிநாட்டு லாபின் கடிதத்தை எடுத்து வைத்தா. முடிவு தங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறதாம், இப்படியான ஒன்றைத்தான் தேடிக்கொண்டிருந்தார்களாம். ஆனால் ஒரு தரம் நடந்தது காணாது, அதே நிபந்தனைகளில் இன்னும் மூன்று தரம் செய்து காட்ட வேண்டுமாம். அதுவரை அறை வேண்டும் என்று அவர்களே மேலிடத்துக்கும் எழுதி, மேலிடமும் ஓம் என்றுவிட்டது. சேர் கடிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். அவர் சட்டப்படி நடக்கிற மனுஷன். பதிவேட்டில் உள்ள மெஷினைக் காரணம் இல்லாமல் நிப்பாட்ட முடியாது, ஃபைலில் இருக்கிற காரணம் பூசை மட்டும்தான், வேறு நாளில் நிப்பாட்ட ஒருக்காலும் கையெழுத்துப் போடமாட்டேன் என்றார். அப்படிச் சொன்னால் மிஸ் விழுந்துவிடுவா என்று நினைத்தார் போலும். மிஸ் விழவில்லை, தலையை மட்டும் ஆட்டினா. நிப்பாட்டும் பொறுப்பு யாருக்கு என்று எழுத வேண்டும், ஆளைக் கூப்பிடுங்கள் என்றார். செல்வி அக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றா. இந்த மூன்று தரத்தையும் எப்போது முடித்துத் தருவாய் என்று சேர் கேட்டதை நான் மொழிபெயர்த்தேன். அக்கா கெரம் போர்டைப் பார்த்தா, மெஷினைப் பார்த்தா, பிறகு சேரைப் பாவம் பார்த்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னா:

"பூசை வருசத்துக்கு ஒருக்காத்தானுங்களே சேர் வரும்."

நூறு நாள் கண் வெட்டாமல் காவல் காத்த எனக்கு, வேலை செய்ததற்கு அத்தாட்சியாக ஒரு சேவிஸ் லெட்டரும் மறுபடி கெமிஸ்ட்ரியும் மிஞ்ச, ஒரே ஒரு நாள் சுவிட்சை நிப்பாட்டின செல்வி அக்காவை மூன்று வருடத்துக்கு ஒருவராலும் வேலையை விட்டு நிற்பாட்ட முடியாது என்பதுதான் கண்ணாடி ஆராய்ச்சியில் நான் கண்ட முடிவு.